தம்பி கடித்த தெரு

கடித்தது நாய்தான். ஆனால் எங்கள் தெருவில் அதை நாய் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். எல்லோருக்கும் அது ‘தம்பி’. கன்றுக்குட்டி உயரம், பாலிஷ் போட்ட பூட்ஸ் மாதிரி மினுமினுக்கும் கறுப்பு உடம்பு, இதுவா தம்பி என்று குடிவந்த புதிதில் என் வீட்டுக்காரரிடம் கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரித்தார்.

தெரு ஒரு முட்டுச்சந்து. நுழைகிற இடத்திலேயே தம்பியை வளர்க்கிற கான்ட்ராக்டரின் வீடு. வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட மனிதர், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அவருடைய இரும்பு கேட்டைத் தாண்டாமல் யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. கேட் எப்போதும் திறந்தே கிடக்கும். இவ்வளவு பெரிய வீடு இவ்வளவு குறைந்த வாடகைக்குக் கிடைத்துவிட்டதே என்று நாங்கள் வாயெல்லாம் பல்லாக வந்து குடியேறினோம். ஏன் குறைவு என்று கேட்கிற புத்தி இரண்டு பேருக்குமே இல்லை.

அன்றைக்குச் சலவைக்கடையில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். அது குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. பின்னாலிருந்து வந்து வலது கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டு அப்படியே நின்றது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா கொடியிலிருந்து கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு கடை வாசலுக்கு வந்து நின்றார். ஒருத்தரும் ஓடி வரவில்லை. கான்ட்ராக்டர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நிதானமாக வந்தார்.

“தம்பி, போதும்டா” என்றார். அது விட்டது.

‘விடு’ என்று அவர் சொல்லவில்லை, ‘போதும்’ என்றுதான் சொன்னார். வலியில் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. அவரே காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசி, கட்டு, மாத்திரை எல்லாவற்றுக்கும் அவரே கொடுத்தார். நர்ஸ் என்னைவிட அவரிடம்தான் அதிகம் பேசினாள், வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி.

கடையில் என் வேலை ஆவி இஸ்திரி மெஷின். சட்டையை விரித்து, மேல்பலகையை இறக்கி, வலது காலால் பெடலை அமுக்கினால் ஆவி வரும். நாள் முழுக்க அந்தக் காலுக்குத்தான் வேலை. கட்டுப்போட்ட காலோடு போய் நின்றேன். முதலாளி இரண்டு சட்டை பார்த்துவிட்டு, “ஆறின பிறகு வாம்மா” என்று அனுப்பிவிட்டார். ஆறுகிற வரைக்கும் சம்பளம் கிடையாது.

எனக்கு இரண்டு விஷயம் வேண்டியிருந்தது. ஒன்று, இந்தக் கடியால் போன சம்பளம். இரண்டு, அந்த நாயைக் கட்டிப்போட வேண்டும். எங்கள் குட்டி ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். காலையும் மாலையும் அந்த கேட்டைத் தாண்டித்தான் போய்வருகிறாள். அந்த நாய் கொஞ்சம் எம்பினாலே அவள் முகம்தான். சம்பளத்தை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பேன், இதை விடுவதாக இல்லை.

“அவரு பெரிய மனுஷன். பாத்துச் செய்வாரு. நீ வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு” என்றார் என் வீட்டுக்காரர். அவர் இன்னொருத்தருடைய வேனை ஓட்டுகிறவர். சொந்த வண்டி வாங்க வேண்டும் என்பதைத் தவிர வேறு கனவு கண்டதில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எனக்கு வராது என்று கல்யாணமான வாரமே அவருக்குத் தெரியும்.

சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே என்று எதிர்வீட்டு மாடி ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் கால் விண்விண் என்றது. அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சேலை முந்தானையை விலக்கி முழங்கையைக் காட்டினாள். பழைய தழும்பு, குழிவிழுந்து வெளுத்திருந்தது.

“எனக்குப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம். பெரியவன் காலேஜ்ல சேர்ந்தது இந்தக் கையாலதான்” என்று சிரித்தாள். “பேக்கரிக்காரருக்குக் காது. அந்தப் புது அடுப்பைப் பாத்தியா? கடைசி வீட்டுத் தாத்தாவுக்குத் தொடை. மாடியில ரெண்டு ரூம் எடுத்துட்டாரு.”

“அப்போ இந்தத் தெருவுல எல்லாருக்கும் கடி விழுந்திருக்கா?”

“உங்க வீடு ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.”

அக்கா குழந்தைக்குப் பாடம் சொல்லுகிற தொனியில் பேசிக்கொண்டே போனாள். “ஒண்ணும் பயப்படாதே. போய் வலியைச் சொல்லு, வேலை போனதைச் சொல்லு, ராத்திரி தூக்கம் வரலேன்னு சொல்லு. கேட்டதுக்கு மேல குடுப்பாரு. கட்டிப்போடுங்கன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. அப்புறம் எல்லாருக்கும் கெட்டுப்போகும்.”

“எல்லாருக்கும்னா?”

“தழும்பு ஆறினாலும் மாசாமாசம் ஏதோ செய்யறாரும்மா. எங்க யாரையும் அவர் கைவிட்டதில்ல.” அவள் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை.

அன்று சாயங்காலமே கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போனேன். கூடம் அத்தனை சுத்தம். ஒரு சோபா, ஒரு நாற்காலி, சுவரில் மனைவியின் படம். நாய் கம்பளத்தில் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஒரு தட்டு தட்டியது. பழகிய ஆளைப் பார்த்த சந்தோஷம் அதற்கு.

“உக்காருங்கம்மா. கால் எப்படி இருக்கு?” நிஜமான கவலையோடுதான் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் போன சம்பளத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அதைப்போல் மூன்று மடங்கு சொன்னார். “காயம் ஆழம். அதுவும் வேலை செய்யற கால். இதுதான் நியாயம். காகிதம் கீகிதம் எதுவும் வேணாம், நமக்குள்ள என்ன?”

“பணம் அவ்வளவு வேணாங்கய்யா. சம்பளம் மட்டும் போதும். தம்பியைக் கட்டிப்போட்டுடுங்க. இல்ல, கேட்டையாவது சாத்தி வைங்க. எங்க வீட்டுல சின்னப் பொண்ணு இருக்கு.”

அவர் முகம் மாறவே இல்லை. குனிந்து நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தார். “இவனைக் கட்டினா சாப்பிட மாட்டான்மா. ஒருதரம் கட்டிப் பாத்தேன். அழுதுட்டான். எனக்கு இவன் ஒருத்தன்தான். இவன் செஞ்சதுக்கு யாருக்கும் நான் குறை வெச்சதில்ல, கேட்டுப் பாருங்க.”

“நான் நகராட்சியில எழுதிக் குடுப்பேன்.”

“தாராளமா எழுதுங்க. நான் தடுக்க மாட்டேன்.” பிறகு, ஏதோ மறந்துபோனதைக் கேட்கிற மாதிரி, “பாப்பாவுக்கு என்ன வயசு?” என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

அவர் தடுக்கத்தான் இல்லை. தெரு தடுத்தது. மறுநாள் பேக்கரிக்காரர் எனக்கு ரொட்டி இல்லை என்றார், கண்ணாடிக்குப் பின்னால் தட்டு நிறைய ரொட்டி இருந்தது. கடைசி வீட்டுத் தாத்தா என்னைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்தினார். மாடி அக்கா மேலேயிருந்தே கேட்டாள்: “உன் ஒருத்தி காலுக்காக எங்க எல்லார் வயித்துலயும் அடிக்கப் போறியா?” திட்டுகிற குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரல். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நகராட்சிக்குப் போனேன். இரண்டு சாட்சி வேண்டும், கடித்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் வேண்டும் என்றார்கள். தெரு முழுக்கப் பார்த்தது என்றேன். “அப்போ கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார் அங்கே இருந்தவர். திரும்பி வரும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு நாயிடம் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

தெருமுனையில் கான்ட்ராக்டர் கேட் அருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “உங்க வீட்டுக்காரர் மத்தியானம் வந்தாரும்மா. தங்கமான மனுஷன். எல்லாம் பேசி முடிச்சாச்சு.”

காலை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. மேசைமேல் பழுப்பு நிறக் கவர் ஒன்று உப்பலாகக் கிடந்தது. என் வீட்டுக்காரர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே குட்டி, பள்ளிக்கூடச் சட்டையோடு, ரொம்பக் கவனமாக நின்றுகொண்டிருந்தாள். அவர் கையில் தலையணை. அதை அவள்மேல் பாய்கிற மாதிரி கொண்டுபோனார்.

“ஓடக்கூடாது. ஓடினா கீழ தள்ளிடும். அசையாம நில்லு. தலையைக் குனி, முகத்தைத் தோள்ல மறைச்சுக்கோ. ம்… இப்போ கையை நீட்டு.”

குட்டி கையை நீட்டினாள்.

“அது இல்லடா கண்ணு. அது எழுதற கை. இந்தக் கை.”

எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. தலையணையைப் பிடுங்கி எறிந்தேன். அவர் மேல் கையை ஓங்கிவிட்டேன். அவர் தடுக்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்து, அவரும் அழுதிருந்தார்.

“என்னைக்காவது நடக்கத்தான் போகுது. அப்படி நடக்கறப்போ முகத்துல படாம இருக்கட்டும்னுதான் சொல்லிக்குடுக்கறேன். நான் என்ன அதைக் கடிக்கச் சொல்லியா அனுப்பறேன்?” என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், குரலைத் தாழ்த்தி, “பாதி வண்டி வந்துருச்சு” என்றார்.

மீதிப் பாதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

“அம்மா, நான் நல்லாச் செஞ்சேன். அப்பா சொன்னாரு. அழவே இல்ல” என்றாள் குட்டி.

அவளுடைய பையில் இரண்டு உடுப்பைத் திணித்தேன். கவரைத் தொடவில்லை. அவர் எழுந்து வாசல்வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “கேட் தெறந்திருக்கு, இப்பப் போகாதே” என்றார். அது எப்போது மூடியிருந்தது?

தெருவில் இறங்கினேன். அக்கா மாடியில் நின்றாள், பேக்கரிக்காரர் கடை வாசலில், தாத்தா பாதி திறந்த ஜன்னலில். கான்ட்ராக்டர் மட்டும் கேட்டை விட்டு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார், பெரிய மனுஷர் அல்லவா. அவர் காலடியில் படுத்திருந்த தம்பி எழுந்து சோம்பல் முறித்தது. நான் குட்டியைச் சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டு, அது முதலில் என்மேல் விழட்டும் என்று நொண்டிக்கொண்டே நடந்தேன். அவளைத் தூக்கிக்கொள்ள அந்தக் கால் இடம் கொடுக்கவில்லை.

“வேகமா வா, கண்ணு. ஒண்ணும் ஆகாது” என்றேன்.

அவள் தலையைக் குனிந்து முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு, இடது கையை முன்னால் நீட்டியபடியே நடந்து வந்தாள்.