புயல் நாளில் முகாம் தளம்

அடையாறில் ஒரு அரசு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் ஜஹனாரா உதவி புரோகிராமர். மழைக்காலத்தில் எந்தெந்தப் பள்ளிக்கூடம் நிவாரண முகாமாகத் திறந்திருக்கிறது, எங்கே இடம் இருக்கிறது என்று மக்களுக்குக் காட்டும் இணையதளம் அவள் பொறுப்பு. போன புயலில் கூட்டம் தாங்காமல் அது படுத்துவிட்டது. அதன் பிறகுதான் இணை இயக்குநர் சூடாமணி அவளைக் கன்டெய்னர் பயிற்சிக்கு அனுப்பினார்.

மென்பொருளையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டி, கூட்டத்துக்குத் தக்கபடி பல பிரதிகளாக ஓட்டும் முறை அது. ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் இன்னொன்று தானாக எழும். பயிற்சி முடிந்து வந்த கையோடு ஜஹனாரா தளத்தை அந்த முறைக்கு மாற்றினாள். சக ஊழியன் அச்யுத்துக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. பழைய சர்வரை அணைக்காமலே வைத்திருந்தான்.

இந்த ஆண்டின் முதல் புயலன்று காலையிலேயே தளத்தில் கூட்டம் ஏறியது. சிறிது நேரத்தில் போன் அடித்தது. பட்டினப்பாக்கத்துத் தன்னார்வலர் அய்யாதுரை.

"மேடம், கடல் ரோட்டுக்கே வந்துக்கினு கீது. எந்த ஸ்கூலு தொறந்து கீதுன்னு பாத்தா, உங்க சைட்டு சும்மா சுத்திக்கினே கீது. இங்க கைக்கொழந்தைங்கல்லாம் கீது மேடம்!"

"லைன்ல இருங்கண்ணா," என்று சொல்லி ஜஹனாரா போனை அச்யுத்திடம் நீட்டினாள். "டேட்டாபேஸ்ல நேரா பாத்து அவருக்குச் சொல்லு."

அவன் பள்ளியின் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பினான். "பழைய சர்வருக்கே போயிடலாம், ஜஹனாரா."

"அது போன தடவையே தாங்கல. கொஞ்சம் பொறு."

திரையில் பெட்டிகள் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்துகொண்டிருந்தன. எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பெட்டியும் ஏன் விழுந்தது என்று குறித்து வைக்கும் பதிவுகளைத் திறந்தாள். எல்லாவற்றிலும் ஒரே காரணம்தான்: மெமரி போதவில்லை. பயிற்சியில் போட்ட அளவையே இங்கேயும் போட்டிருந்தாள்.

சூடாமணி வேகமாக உள்ளே வந்தார். "என்னம்மா ஆச்சு? மேலேருந்து கேக்கறாங்க."

"என் தப்பு மேடம். பெட்டிங்களுக்கு மெமரி கம்மியா குடுத்துட்டேன். அதைக் கூட்டிட்டு, இன்னும் சில பெட்டி சேக்கறேன். சைட்ட நிறுத்த வேணாம்."

"பழசுக்கே போயிடறது பாதுகாப்பு இல்லையா?"

"இல்ல மேடம். இது நிக்கும்."

சூடாமணி ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, செய்."

ஜஹனாரா அளவுகளை மாற்றிக் கட்டளையைக் கொடுத்தாள். புதிய பெட்டிகள் ஒவ்வொன்றாக எழ, பழையவை விலகின. அச்யுத் திரையருகே குனிந்தான். "இது நிக்குது... இதுவும் நிக்குது." சூடாமணி தன் போனில் தளத்தைத் தட்டினார். முகாம்களின் பட்டியல் பளிச்சென்று வந்து நின்றது.

மதியம் மழை இன்னும் வலுத்தது. தளம் அசரவில்லை.

"துறையோட மத்த தளங்களையும் இப்படியே மாத்திடு," என்றார் சூடாமணி.

"மாத்தறேன் மேடம். அச்யுத்தும் கூட இருக்கணும். நான் லீவுல இருக்கறப்போ புயல் வந்தா யார் பாக்கறது?"

அச்யுத் சிரித்துவிட்டான். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். "மொதல்ல அந்தப் பதிவெல்லாம் எங்க இருக்குன்னு காட்டு."