ரொட்டிக் கடைக்கு எதிரே ஒரு கால்

வெள்ளித் தெருவில் கடை வைக்கிறவர்கள் முதலில் ஓட்மாரின் கொல்லுப் பட்டறைக்குத்தான் போயாக வேண்டும். பிளாஸ்டிக் பலகை, விளக்கு எழுத்து எதற்கும் நகராட்சி அனுமதி இல்லை. சுவரிலிருந்து நீண்ட கம்பியில் தொழிலைக் காட்டும் இரும்புச் சின்னம் ஒன்று தொங்க வேண்டும், அவ்வளவுதான். பூட்டுக்காரருக்குச் சாவி, செருப்புக் கடைக்குப் பூட்ஸ், ஆல்பனின் ரொட்டிக் கடைக்குத் தங்க முலாம் பூசிய பிரெட்சல், அதாவது முறுக்கு ரொட்டி. ரோஸ்வித்தா பார்ப்பது கால் வைத்தியம். ஆணி எடுப்பாள், சதைக்குள் புதைந்த நகத்தை வெட்டுவாள், குதிகால் வெடிப்பைத் தேய்ப்பாள். அவள் வாசலில் காலைத் தவிர வேறு என்ன தொங்கும்?

இத்தனை வருஷமும் அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மருந்துக் கடைக்குப் பின்னாலிருந்த அறையில்தான் தொழில் செய்தாள். வருகிறவர்கள் எல்லாரும் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கொல்லைப்புறமாக வருவார்கள். வலிக்கிற காலில் என்ன வெட்கமோ தெரியவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. முன்வாசல் வழியாக, நாலு பேர் பார்க்க ஆட்கள் வரவேண்டும் என்றுதான் வெள்ளித் தெருவில் இந்தக் கடையையே பிடித்தாள்.

ஓட்மார் எடுத்த எடுப்பில் இரும்பைத் தொடமாட்டார். அட்டையில் வெட்டிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, தெருவின் இரண்டு முனையிலிருந்தும் நடந்து பார்க்கச் சொல்வார். முதலில் கத்தரிக்கோல் தொங்கியது. முடி வெட்ட இரண்டு பேர் வந்து நின்றார்கள். கால் ஊறவைக்கிற தண்ணீர்த் தொட்டி தொங்கியது. குழாய் ஒழுகுவதாக ஒரு அம்மாள் வந்தாள். மூன்றாவதாக, மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, ஐந்து விரலோடு ஒரு பாதம். ஓட்மார் மனம் போன போக்கில் வரைந்தது. உருளைக்கிழங்கில் அவரைக்கொட்டை செருகியது போல இருந்தது, காற்றில் வேறு சுற்றியது.

எதிர்க் கடையிலிருந்து ஆல்பன் மாவுக் கையோடு வந்துவிட்டார்.

"ஏம்மா, இது என்ன?"

"கால், ஐயா."

"அது தெரியுது. என் பிரெட்சலுக்கு எதுத்தாப்புல விரலை ஆட்டிக்கிட்டு நிக்குதே, அதக் கேக்குறேன். இதப் பாத்தவனுக்கு ரொட்டி இறங்குமா?"

"இரும்புல மாட்டினா சுத்தாது. உங்க கடையிலேர்ந்து பாத்தா ஓரம் மட்டும்தான் தெரியும். ஒரு கோடு, அவ்வளவுதான்."

"எனக்குக் கோடு. தெருவுல வர்றவனுக்கு? மாட்டிக்கோங்க, நான் தடுக்கல. ஏணிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க."

இந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைச் சுட்டது. புதுச் சின்னம் ஏறும்போது எதிர்க் கடைக்காரர்தான் ஏணியைப் பிடிக்க வேண்டும். சட்டமொன்றும் கிடையாது, ஆனாலும் அதுதான் வழக்கம். கடிகாரக்காரர் ஒருவர் யாரையும் கேட்காமல் கிரேன் வைத்து மாட்டினார். இன்றைக்கும் அவருக்கு 'கிரேன்காரர்' என்றுதான் பெயர், காலை வணக்கம் சொல்ல ஆளில்லை.

ரோஸ்வித்தா பட்டறைக்குப் போனாள்.

"ஒரு செருப்ப மாட்டி விட்டுரலாமா?" என்றார் ஓட்மார்.

"செருப்புக்குள்ள இருக்கிறதுதான் என் தொழில்."

"அப்ப நெசமான கால் ஒண்ணு புடிச்சு அளவெடுத்துக் கொண்டாங்க. நான் வரைஞ்சா கிழங்குதான் வரும்."

அன்று சாயங்காலம் பழக்க தோஷத்தில் புதுக் கடையின் கொல்லைக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தவள் ஹெடி, ஆல்பனின் மனைவி. விடிந்ததிலிருந்து கல்லாவில் நிற்கிறவள். வருஷக்கணக்கில் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஆற்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தவள். அவள் காலையே அளவுக்குக் கேட்டாள் ரோஸ்வித்தா.

"என் காலா? இந்த லட்சணத்துக்கா?" என்று சிரித்தாள் ஹெடி.

"லட்சணமா இருந்தா என்கிட்ட எதுக்குக்கா வரப்போறீங்க?"

"ஆல்பன்கிட்ட மட்டும் சொல்லிடாத ரோஸி. நிக்கவே முடியாதவள்னு நினைச்சுக்குவான்."

அட்டைமேல் பாதத்தை வைத்தாள், பென்சில் சுற்றி வந்தது. கட்டை விரலைவிட அடுத்த விரல் நீளம். சுண்டு விரல் உள்ளே மடங்கியிருந்தது. பட்டறையில் அட்டையைக் கொடுக்கும்போது அதை மட்டும் கொஞ்சம் நிமிர்த்திவிடச் சொன்னாள் ரோஸ்வித்தா. ஓட்மார் கேட்கவில்லை. கோட்டின்மேல் வெட்டத்தான் தனக்குத் தெரியும் என்றுவிட்டார்.

சனிக்கிழமை காலையில் தெருவே வெளியே வந்து நின்றது. சுவரில் சாய்த்த ஏணியை ஒருவரும் தொடவில்லை. அது அவர்கள் பிடிக்க வேண்டிய ஏணி இல்லை.

"பரவால்ல, ஏறுங்க ஓட்மார்," என்றாள் ரோஸ்வித்தா.

அப்போது ஆல்பன் தெருவைக் கடந்து வந்தார்.

"ஏணி புடிக்க வரல. புடிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். திரும்பும்போது, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கறுப்பு இரும்பு கண்ணில் பட்டது. நின்றார். பிறகு குனிந்து, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, நீண்ட இரண்டாம் விரலைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சுண்டு விரலை. நிமிர்ந்து தன் கடைக் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே ஹெடி இடுக்கியில் பிடித்த ரொட்டியோடு அப்படியே நின்றிருந்தாள்.

"ஓட்மார், இந்தச் சுண்டு விரல் இன்னும் கொஞ்சம் உள்ள போகணும்."

"வரைஞ்சது இப்படித்தான் இருந்துச்சு."

"அது சும்மா நிக்கையில. அவ நடக்கும்போது நல்லா மடங்கும். கல்யாணமான புதுசுல அதுமேல அடுப்புத் தட்டு விழுந்துச்சு. போட்டது நான். அன்னிக்கும் கடையத் திறந்தா."

ரோஸ்வித்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"இனிமே வளைக்க முடியாதே ஆல்பன்," என்றார் ஓட்மார்.

"அப்ப விடு. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

அவர் ஏணியை இரண்டு கையாலும் பிடித்தார். ஓட்மார் ஏறிக் கொக்கியில் மாட்டினார். தேவாலயப் பக்கமிருந்து பார்த்தால் வலது கால், பாலத்துப் பக்கமிருந்து பார்த்தால் இடது கால். ஒரே இரும்பில் ஒரு ஜோடி ஆகிவிட்டது. செருப்புக் கடைக்காரி கை தட்டினாள்.

ஹெடி ஏப்ரனை அவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள். தெருவைக் கடந்து ஏணிக்குப் பக்கத்தில் வந்தவளை ஆல்பன் தடுமாறிப்போய்ப் பார்த்தார்.

"நீயும் வந்துட்டா கடையை யாரு பாக்குறது?"

"நீ பாரு. எனக்குக் கால் வலிக்குது."

தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, புதுச் சின்னத்துக்குக் கீழே, முன்வாசல் வழியாக உள்ளே போனாள்.