புறங்கை

மஹ்மூதா குளியலறைத் தரையில் குந்தியிருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் நின்று குளிக்கிற றப்பர் விரிப்பைச் சுருட்டி வாசலில் வைத்திருந்தாள். நுரையைக் கழுவிவிடுவதற்காகக் குழாயில் கை வைத்ததும் விரலிலிருந்து தோள்வரைக்கும் சுள்ளென்று ஏறியது. கையை உதறிக்கொண்டு பின்னால் சரிந்தாள். அதே நேரம் கூடத்து மின்விசிறியும் நின்றது.

"ட்ரிப் விழுந்திட்டு," என்றபடி ஹஸ்மி வந்தான். கரண்ட் கசிந்தால் வீட்டின் லைன் முழுவதையும் தானாக நிறுத்துகிற சுவிட்ச் அது. அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனேஜர் அவன்தான். "திரும்பவும் பொயிலரா ராத்தா?"

"ஓம் தம்பி. கடிக்குது."

கற்பிட்டிக் கரையில், யுத்தம் முடிந்த கையோடு முளைத்த வீடுகளில் அதுவும் ஒன்று. முன்பு அந்த இடத்தில் மஹ்மூதாவின் புருஷன் ஹாசிம் கரைவலை இழுத்தான். இப்போது வேலி போட்டாகிவிட்டது. ஹாசிமும் இடுப்பு விட்டுப்போய் வீட்டில் கிடந்தான். முதலாளி இருப்பது கொழும்பில். காற்றுக் காலத்தில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவார். அவர்களுடைய குளியலறைகளைக் கழுவுவதும், பின்பக்கத் தொட்டியில் அவர்களுடைய கட்டில் விரிப்புகளை மிதித்துத் துவைப்பதும் மஹ்மூதாவின் வேலை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார், வேலையாட்கள் செருப்போடு உள்ளே வரக்கூடாது, மணல் வரும் என்று. அது அவளுக்குக் குறையாகப் படவில்லை. யாருடைய வீட்டுக்குள்ளும் அவள் செருப்போடு போனவள் அல்ல. விருந்தாளிகள்தான் கடற்கரையில் போட்ட றப்பர் செருப்போடு கட்டில்வரைக்கும் போய்வந்தார்கள், குளிக்கும்போதும் கழற்றமாட்டார்கள்.

பாலாவியிலிருந்து அன்ரனி மோட்டார் சைக்கிளில் வந்தான். கரண்ட் வேலைக்காரன். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட குடும்பம். சுவரில் வெள்ளைப் பீப்பாய்போல் தொங்கிய சுடுதண்ணீர் பொயிலரின் மூடியைக் கழற்றியதும் துரு கையோடு உதிர்ந்து வந்தது. கிணற்றுத் தண்ணீர் உவர். எந்த இரும்பையும் கொஞ்சக் காலத்தில் தின்றுவிடும்.

"இதைத் திருத்தேலாது," என்றான் அன்ரனி. "உள்ளுக்கு முழுக்க அரிச்சுப்போச்சு. எர்த் வயரும் இத்துப்போச்சு. புதுசுதான் போடவேணும்."

ஹஸ்மி முதலாளிக்கு எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனைப் பிடித்தான்.

"புதுசு போடுறதெண்டா சுவரை உடைக்கணும்," என்றது முதலாளியின் குரல். "கெஸ்ட் இருக்கிற நேரம் தூசி கிளப்ப ஏலாது. சீசன் முடியட்டும், பாப்பம். இப்பைக்கு எதையாவது செஞ்சு ஓட்டுங்க."

"ஓட்டினால் ட்ரிப் விழும் சேர்," என்றான் அன்ரனி.

"அப்ப ட்ரிப்ல இருந்து கழட்டி நேரா லைனைக் குடுங்க."

"நேரக் குடுத்தால் ட்ரிப் விழாது. ஆள்தான் விழும்."

முதலாளி பேச்சை ஹஸ்மியிடம் திருப்பினார். "ஹஸ்மி, கெஸ்ட் ஒருத்தராவது ஷொக் அடிச்சிச்சு எண்டாங்களா?"

"இல்ல சேர். ராத்தாக்கு மட்டுந்தான்."

"அவங்க வெறுங்காலோட ஈரத்துல நிண்டிருப்பாங்க. பாத்து நடந்துக்கச் சொல்லுங்க."

வெறுங்காலோடு வரச் சொன்னது யார் என்பது மஹ்மூதாவுக்கு ஞாபகம் வந்தது.

முதலாளிக்கு அந்தக் கரையில் இன்னும் வீடுகள் இருந்தன. எல்லாவற்றிலும் கரண்ட் வேலை அன்ரனிக்குத்தான். அவன் வயர் வெட்டும் கொறட்டை எடுத்தான், துரு பிடித்த இடத்துக்கு டேப் சுற்றினான், வயரை ட்ரிப்பிலிருந்து பிரித்து நேராகக் கொடுத்தான். போகும்போது அவளிடம் வந்தான்.

"அக்கா, தொட்டுத்தான் ஆகவேணுமெண்டால் முதல் புறங்கையாலை தட்டிப் பாருங்கோ. உள்ளங்கையாலை பிடிச்சால் கை இறுகிப்போகும். பிறகு விடுவிக்கேலாது." தன் கையைத் திருப்பி, சுவரில் தட்டிக் காட்டினான்.

அன்றிலிருந்து ட்ரிப் விழவில்லை. பிரிட்ஜ் நிற்கவில்லை. ஹஸ்மியின் தலைவலி தீர்ந்தது. மஹ்மூதாவின் புறங்கை மட்டும் ஒவ்வொரு காலையும் விறுவிறுத்தது. ஒருநாள் பொயிலரின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கழுவினாள். கடலிலிருந்து நடுங்கிக்கொண்டு வந்த விருந்தாளிக்குப் பச்சைத் தண்ணீர் கிடைத்தது. இனிமேல் சுவிட்சில் கை வைக்கக்கூடாது என்று ஹஸ்மி சொல்லிவிட்டான்.

"செருப்பைப் போட்டுக்கிட்டுக் கழுவேன்," என்றான் ஹாசிம், படுத்த இடத்திலிருந்தே. சொல்வதைத் தவிர அவனால் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை. அந்த வீட்டில் உலை வைப்பது அவளுடைய சம்பளம்தான். மறுநாள் செருப்பைத் தன் நீளச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போய்க் குளியலறை வாசலில் போட்டுக்கொண்டாள். கால் சவர்க்காரத்தில் வழுக்கினாலும் குழாய் கடிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று முணுமுணுத்தாள். அந்த நிம்மதி ஒரு கிழமைகூட ஓடவில்லை.

"ராத்தா, சேர் கூடத்துக் கெமராவுல பாத்திட்டாரு," என்றான் ஹஸ்மி, அவள் முகத்தைப் பார்க்காமல். "செருப்போட திரியிறது யாரெண்டு கேட்டாரு."

அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் படியடியில் விட்டாள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு குடும்பம் வந்தது. அஸர் பாங்கு சொல்லி முடிந்த பின்னேரம், அவர்களுடைய சின்னப் பெண்பிள்ளை கடலிலிருந்து வெறுங்காலோடு ஓடிவந்து மணலைக் கழுவக் குளியலறைக்குள் போனாள். றப்பர் விரிப்பு அப்போது வெளியே காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளையின் அலறலைக் கேட்டு மஹ்மூதா ஓடிப் பார்க்கையில், அது சுவரோரம் விழுந்து கிடந்து கையைப் பொத்திக்கொண்டு அழுதது. பாய்ந்துபோய்ச் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். பதைபதைப்பில் அவளுக்கும் கண்ணீர் வந்தது. தாய் வந்து பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் பிஸ்கட் தின்றது. தாய் மட்டும் முற்றத்தில் நடந்தபடி போனில் நெடுநேரம் முதலாளியோடு கதைத்தாள்.

மறுநாள் நடுப்பகல் லுஹருக்கு முன்னாலேயே புத்தளத்திலிருந்து புதுப் பொயிலர் வந்து இறங்கியது. சுவரை உடைத்தார்கள். வீடு முழுக்கத் தூசி கிளம்பியது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்ரனி நிலத்தில் செப்புக் கம்பி அடித்து, புது எர்த் இழுத்து, ட்ரிப்போடு சேர்த்துப் பூட்டினான். கழுவ முன் மஹ்மூதா பழக்கதோஷத்தில் புறங்கையால் குழாயைத் தட்டினாள். வெறும் குழாய். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, நெஞ்சும் எரிந்தது. ஒரு மாதமாக அவள் சொன்னதற்கு வராத பொயிலர், அந்தப் பிள்ளையின் ஒரு அழுகைக்கு வந்துவிட்டது.

பழையதை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். ஹஸ்மி போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"பழசை வீசாதீங்க," என்றது முதலாளியின் குரல். "பின்னால உடுப்புக் கழுவுற தொட்டிக்கு மேல பூட்டுங்க. ஷீட் எல்லாம் சுடுதண்ணில கழுவினா கறை நல்லாப் போகும். மஹ்மூதாக்கும் லேசு. நிக்கிறாங்களா?"

ஹஸ்மி போனை அவள் பக்கம் திருப்பினான்.

"சந்தோசம் சேர்," என்றாள்.

"இதையும் ட்ரிப்போடை குடுக்கவோ?" என்று அன்ரனி ஹஸ்மியிடம் கேட்டான்.

"அதுக்கு ட்ரிப் குடுத்தா வீடு முழுக்க இருட்டாகும் பாஸ். தெரியுந்தானே."

ஹஸ்மி உள்ளே போனதும் அன்ரனி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

"இது வாணாமெண்டு நான் சொன்னா, என்னய வாணாமெண்டு அவரு சொல்லுவாரு. வேலிக்கு வெளியில எத்தன பேரு வேல கேட்டு நிக்கிறாங்க." அவள் பழைய பொயிலரைப் பார்த்தாள். "நீங்க பூட்ட ஏலாதெண்டு சொல்லுவீங்களா தம்பி?"

அன்ரனி சுவரில் துளை போடுகிற மெஷினைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனான்.

பின்னேரம் அவனுடைய மோட்டார் சைக்கிள் போய்விட்டது. மஹ்மூதா கட்டில் விரிப்புகளைத் தொட்டியில் போட்டு, வாளியால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிச் சவர்க்காரத்தில் ஊறவைத்துவிட்டு வந்து நின்றாள். தொட்டி சீமெந்துத் தொட்டி. சுடுதண்ணீர்க் குழாய் அதன் மறுபக்கச் சுவரில் இருந்தது. உள்ளே இறங்கினால்தான் எட்டும். மேலே பழைய பொயிலரின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. நேர் லைன்தான், அணைக்கச் சுவிட்ச் இல்லை. குளியலறை ஜன்னலால் ஆவி வந்துகொண்டிருந்தது. அந்தப் பிள்ளை சுடுதண்ணீரில் நின்று பாடிக்கொண்டே குளித்தது.

இந்த இடத்தில் செருப்புப் போட ஒருவரும் தடை சொல்லப்போவதில்லை. ஆனால் வெள்ளை விரிப்பைச் செருப்புக் காலால் மிதிக்கவும் முடியாது. அவள் செருப்பைக் கழற்றி மணலில் சோடியாக வைத்தாள். சட்டையை முழங்கால்வரை தூக்கிச் செருகினாள். பிஸ்மில்லாஹ் சொல்லித் தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தாள், பிறகு மற்றக் காலையும் வைத்தாள். கையைத் திருப்பி, புறங்கையைக் குழாய்ப் பக்கம் நீட்டினாள்.