இன்று குடிவருகை: 1203

அமரர் ஊர்தி வாசல் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றதும், காவலர் ஓடிவந்து இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார்.

"வண்டி எதுவும் தரைமேல போகக் கூடாதுங்க. எல்லாமே பேஸ்மென்ட் வழிதான்."

அது பேருந்து. பேஸ்மென்ட்டில் நுழையவே நுழையாது. அம்மாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் இருந்த இன்சோன் அசையவில்லை.

"விடுக்கா, நேரா சுடுகாட்டுக்கே போயிடலாம்," என்றான் தம்பி தெக்சு. "பதினோரு மணிக்கு நமக்கு முறை. விட்டா நாளைக்குத்தான். போற வழியில வீட்டக் காட்டணும்னா பழைய வீட்டக் காட்டியிருக்கலாம். இது ஒத்திக்கு எடுத்தது. அம்மா ஒரு நாள்கூட இருந்ததில்ல."

"அதனாலதான்டா வந்திருக்கோம்."

பழைய வீடு சுவோன் நகரின் பழைய பகுதியில், பாதி தரைக்குக் கீழே. ஜன்னலைத் திறந்தால் போகிறவர்களின் செருப்புதான் தெரியும். அங்கே முப்பது வருஷம் சலவைக்கடையில் இஸ்திரி போட்டுச் சேர்த்துத்தான் அம்மா ஓக்புன் க்வாங்க்யோ ஏரிக்கரையில் இந்த வீட்டைப் பிடித்தாள். ஒப்பந்தமும் அவள் பெயரில்தான். குடியிருப்பின் பெயர்தான் அவளைப் படாத பாடு படுத்தியது. லேக் ரவேனியா தி ஃபர்ஸ்ட் பார்க் சென்ட்ரல்! இந்த மாதிரிப் பெயர்களெல்லாம் மாமியார்கள் வழி கண்டுபிடித்து வந்துவிடக் கூடாதென்று வைத்தவை என்று ஊரே கேலி பேசும். அம்மா விடுவாளா? இஸ்திரி போட்டுக்கொண்டே இரண்டு வாரம் உருப்போட்டாள். பிறகு கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினாள். போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் விலாசம் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள், நாக்குப் பிறழாமல். குடிபோக இன்னும் நான்கு நாள் இருந்தது. இன்சோன் திருத்தவில்லை.

இன்சோன் படத்தோடு கீழே இறங்கினாள்.

"ஐயா, உங்க நோட்டுல பாருங்க. குடிவர்ற வண்டிய மேல விடுவீங்கல்ல? 1203. மா ஓக்புன்."

காவலர் விரலை ஓட்டிப் பார்த்தார். "ஆமா, இருக்கு. இன்னிக்கு ஒன்பதரைக்கு. சாமான் எங்கம்மா?"

"சாமான் அப்புறமா வரும். குடிவர்றவங்க இவங்கதான்."

கறுப்பு ரிப்பன் கட்டிய படத்தை அவள் உயர்த்திப் பிடித்தாள். காவலர் படத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்த வரியில் நேரம் குறித்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். தடுப்பு மேலே போயிற்று.

"வாங்கம்மா," என்றார். இன்சோனிடம் சொல்லவில்லை.

பெட்டி பேருந்திலேயே இருக்க, அக்காவும் தம்பியும் படத்தோடு லிஃப்டில் ஏறினார்கள். அங்கே நாய்க்குட்டியைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த ஒரு பெண் இவர்களுடைய கறுப்பு உடைகளைக் கண்டு ஒதுங்கி இடம்விட்டாள்.

"புதுசா வந்திருக்கீங்களா?" அவள் மெல்லக் கேட்டாள்.

இன்சோன் வாயைத் திறக்குமுன் தெக்சு நிமிர்ந்தான்.

"ஆமாங்க. 1203. எங்கம்மா வீடு."

அந்தப் பெண் படத்தைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து வணங்கினாள். பன்னிரண்டாம் மாடியில் கதவு திறந்தது. மூவரில் அம்மாதான் முதலில் இறங்கினாள்.