ஹவில்தார் முனியப்பனின் பை

2023 பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பகல் சரியாக ஒரு மணிக்கு, சாவனதுர்கா பாறையின் உச்சியில், குணசேகரின் பட்டாளத்துப் பைக்குள் ஒரு முழுச் சாப்பாடு வந்து சேர்ந்தது. வாழை இலையில் சுடச்சுடச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, அவித்த முட்டை, பாகற்காய் வறுவல், ஓரத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு கட்டு பீடி, சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு விரற்கடை ரம். குழம்பு ஒரு துளிகூடச் சிந்தியிருக்கவில்லை. காலையில் அந்தப் பைக்குள் அவன் போட்டது ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் மட்டுமே. அக்கம்பக்கம் பார்த்தான். யாரும் உரிமை கொண்டாடி வரவில்லை. பசி வேறு. உட்கார்ந்து சாப்பிட்டான்.

பை வாங்கியதில் அவன் அவசரப்பட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. பெங்களூர் ஈஜிபுராவில் இரண்டாவது மாடியில் குடியிருந்து, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த குணசேகர், வாரம் ஆறு நாள் இருட்டுக் குழிகளுக்குள் இறங்குகிறவன். ஏழாம் நாளாவது மேலே ஏற வேண்டும் என்று மலைகளுக்குப் போக ஆரம்பித்தான். இரண்டு நைலான் பைகள் ஜிப் பிய்ந்து அவனைக் கைவிட்டன. அதனால் சிவாஜிநகர்ப் பக்கம் ஒரு சந்தில், பட்டாளத்தில் கழித்த சாமான்கள் விற்கும் லாயிட் என்பவரின் கடையில், தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் நின்றான். பழைய பாணியில் தைத்த புதுப் பைகளும் இருந்தன. பார்வைக்கு லட்சணம், ஆனால் தோள்பட்டை வார் தோலில் அறுத்தது. வெளிநாட்டுப் பட்டாளத்துப் பை ஒன்று இருந்தது. அதில் ஒரு வீட்டையே அடைக்கலாம், ஒரு நாள் போய்வர அவ்வளவு எதற்கு? கடைசியில் மூலையில் கிடந்த ஒன்றை லாயிட் எடுத்துத் தட்டினார். பச்சை வெளுத்த கித்தான், பித்தளை பக்கிள், இரட்டைத் தையல், முதுகில் படும் இடத்தில் மட்டும் வழவழப்பு. "பேக்கு ஆள பழகி இருக்கணும் சார். புது பேக்க நீங்க பழக்கணும், இது உங்கள பழக்கிடும்" என்றவர், அதற்குள் நாலு செங்கல்லைப் போட்டு அவனை மாடிப்படியில் மூன்று தரம் ஏற்றி இறக்கினார். வலிக்கவே இல்லை. ஆயிரத்து நானூறு ரூபாய். மூடியின் உட்பக்கம் ஒரு நம்பரும் பாதி அழிந்த ஒரு பெயரும் இருந்ததை அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, அதுவும் ஒரு அழகு என்று நினைத்தான்.

அந்தச் சாப்பாடு மாகளிதுர்கா மலையிலும் வந்தது, அந்தரகங்கே குகை வாசலிலும் வந்தது. ஞாயிறு பகல் ஒரு மணி, ஒரு நிமிடம் முன்பின் கிடையாது. பை வீட்டு ஆணியில் தொங்கிய ஞாயிறுகளில் மட்டும் எதுவும் வராது. சாப்பிட்டு முடித்துப் பையை மூடினால், இலையும் டம்ளரும் மிச்சமும் வந்த வழியே போய்விடும். அவனுக்குப் பாகற்காய் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அதைத் தொட்டதில்லை. அதை இலை ஓரம் ஒதுக்கிவிட்டு மற்றதெல்லாம், ரம் உட்பட, துடைத்துச் சாப்பிட்டான். கோலார் தங்கவயலில் இரண்டு தலைமுறையாக பௌத்தர்களாக இருந்த குடும்பம் அவனுடையது. திதி, படையல் என்று எதையும் அவன் வீட்டில் கண்டதில்லை. அதனால் வேறு எவனும் செய்யாத தப்பு ஒன்றைச் செய்தான். பட்டாளத்துப் பை அல்லவா, இது பட்டாளத்து ரேஷன் என்று நம்பிவிட்டான். தையல் உறுதியைப் போல இதுவும் பையின் தரத்தில் சேர்த்தி என்று, ஆபீசில் இரண்டு பேரிடம் அதை வாங்கச் சொல்லிப் பரிந்துரையும் செய்தான்.

ஜூலையில் அவனோடு மலையேற வந்த பிரபா, அதே கம்பெனியில் கணக்கெழுதுகிற விழுப்புரத்துப் பெண், இலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றாள். "அண்ணா, இது படையல். யாரோ செத்தவங்களுக்கு வெச்சது. இத்தன நாளா இதையா சாப்பிட்டீங்க?" அவளுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவனுக்கும் அன்று இறங்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு இறங்கியது. இதை மறைக்க வேண்டியதில்லை: தெரிந்த பிறகும் எட்டு மாதம் சாப்பிட்டான். வீணாகப் போவதற்கு ஒருவன் சாப்பிட்டால் என்ன என்று தனக்குத்தானே வக்கீலாகப் பேசிக்கொண்டான். கூச்சம் வந்தது, குழம்பின் வாசனையில் போனது. ஒரே ஒரு மாற்றம், ரம்மைத் தொடுவதை மட்டும் நிறுத்தினான், அதுவும் ஏதோ பெரிய தியாகம் போல.

2024 மார்ச்சில் பாகற்காய்க்கு அடியில் ஒரு சீட்டு வந்தது. தேதி காலண்டரில் கிழித்த தாள், பென்சில் எழுத்து. "இன்னும் கோவம் ஆறலையாய்யா? எல்லாம் துன்ற, பாவக்காய மட்டும் திருப்பி அனுப்புற. இப்ப சரக்கும் தொட மாட்டேன்ற. நான் இன்னா செஞ்சா ஆறும், சொல்லு." குணசேகருக்குக் கையில் இருந்த கவளம் கையிலேயே நின்றது. தன் நாக்கு வேண்டாமென்று ஒதுக்கியதை ஒரு பெண் ஒரு வருடமாகத் தண்டனையாக வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மலையிலிருந்து எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

பை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு லாயிட் ஒரு பழைய சாமான் கடையைக் காட்ட, பழைய சாமான் கடைக்காரர் அடுகோடியில் ஒரு ஓட்டு வீட்டைக் காட்டினார். கதவைத் திறந்தவர் வேதநாயகி அம்மாள், அறுபது வயது, தையல் மிஷினிலிருந்து எழுந்து வந்ததால் கழுத்தில் இன்ச் டேப். சுவரில் சீருடையில் அவர் புருஷன் படம், அடியில் ஹவில்தார் முனியப்பன் என்ற பெயர், பை மூடியில் பாதி அழிந்திருந்த அதே பெயர். குணசேகர் இரண்டு பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தான். உண்மையைச் சொன்னால் இவருடைய புருஷன் ஒரு வருடமாக ஒரு வாய் சாப்பிடவில்லை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் செத்தவர் இவர்மேல் கோபமாகவே இருப்பார். இரண்டில் எது குறைந்த பாவம் என்று தெரியாமல், பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

பையைப் பார்த்ததும் அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். யார், எவர் என்று கேட்கவில்லை. அவராகவே சொல்ல ஆரம்பித்தார். பட்டாளத்திலிருந்து வந்து ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை பார்த்த முனியப்பன், 2019 நவம்பரில், வேதநாயகியின் அண்ணன் மகள் வளைகாப்புக்கு லீவு போட மாட்டேன் என்றார். அந்தக் கோபத்தில் அந்த ஞாயிறு காலை வேதநாயகி சோறு கட்டித் தரவில்லை. முந்தின நாள் முனியப்பனே ஆசையாக வாங்கி வந்த பாகற்காய் அப்படியே கூடையில் கிடந்தது. மனிதர் வாய் பேசாமல், பழக்க தோஷத்தில், காலிப் பையை மாட்டிக்கொண்டு போனார். "ஒரு மணிக்கு பைய தொறந்து பாத்தாராம்ப்பா. கூட இருந்தவன் சொன்னான். பாத்துட்டு மூடி வெச்சிட்டாராம்." நாலு மணிக்கு நாற்காலியிலேயே போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், கண்ணில் படக்கூடாதென்று வேதநாயகி பையைப் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டு, அன்றிலிருந்து ஞாயிறுதோறும் படம் முன்னால் இலை போட்டார். மூன்று வருடம் வைத்தது வைத்தபடி கிடந்தது. அப்புறம் ஒரு நாள் இலை மறைந்தது, தெருவெல்லாம் கூப்பிட்டுச் சொன்னாராம்.

"அத சாப்ட்டது நான்தாம்மா" என்றான் குணசேகர். "எனக்கு பாவக்கா பிடிக்காது. அவ்ளோதான். அவருக்கு கோவம் எதுவும் இல்லம்மா." கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவனுக்கு எந்த யோக்கியதையும் இல்லை, ஆனாலும் சொன்னான். வேதநாயகி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அழவில்லை, திட்டவில்லை. "நீ போப்பா" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். பையை அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தான். மறுநாள் காலையில் அது அவன் வீட்டு ஆணியில் தொங்கியது. அதற்கு மேல் அதைப் பற்றி அவன் விசாரிக்கவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறும் மாகளிதுர்காவுக்கே போனான். பிஸ்கட்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மணிக்குப் பையைத் திறந்தான், எதுவுமில்லை, பார்த்துவிட்டு மூடிவைத்தான். காதடைக்கும் பசியில் உச்சி வெயிலில் உட்கார்ந்திருந்தபோது, காலிப் பையைத் திறந்து பார்த்த மனிதரை அவனுக்கு நேரில் தெரிந்த மாதிரி இருந்தது. தான் தின்ற அத்தனை இலைகளும் நினைவுக்கு வந்தன. அழுதான், மறைக்க அங்கே யாரும் இல்லை. நாலு மணிக்குத்தான் எழுந்து இறங்குவான்.

நாலாவது ஞாயிறு இலை வந்தது. சோறு இல்லை, குழம்பு இல்லை, முட்டை இல்லை. இலை நிறையப் பாகற்காய், ஒரு கிலோவுக்குக் குறையாது. வெல்லம் போடாமல், புளி விடாமல், வெறும் உப்பும் மிளகாயும் போட்டு வதக்கியது. குணசேகர் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். முதல் வாய்க்குக் குமட்டியது. பத்தாவது வாய்க்குக் கண்ணில் நீர் கொட்டியது, அது கசப்பினால் மட்டுமல்ல. நடுவில் ஒருமுறை எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தான். முக்கால் மணி நேரத்தில் இலையில் ஒரு விதைகூட மிச்சமில்லை. பையை மூடினான். மாகளிதுர்கா உச்சியில் எந்தக் கம்பெனி சிக்னலும் கிடைக்காது. அன்று போன் அடித்தது.

"போதுமா, இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்றது வேதநாயகியின் குரல். சோறு போடுகிற எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். நாலரை வருடமாக அவர் அதை யாரிடமும் கேட்டிருக்கவில்லை. தனக்காக மட்டுமே பதில் சொல்கிறோமா என்று குணசேகர் ஒரு கணம் யோசித்தான், பிறகு யோசிப்பதை விட்டான்.

"போதும்மா. வயிறு நெறஞ்சிடுச்சி."

"பட்டாளத்தாளுக்கு ஒரு கிலோ எம்மாத்திரம்" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து பழையபடி கறிக்குழம்பும் முட்டையும் வந்தன, பாகற்காய் ஒரு கைப்பிடி அளவுக்கு. எந்த மலையாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றே முக்காலுக்கு, டவர் இல்லாத இடத்தில் போன் அடிக்கிறது. உப்பு சரியா, காரம் அதிகமா என்று இரண்டு வார்த்தை, பிறகு போதுமா என்ற கேள்வி. மழைக்காலத்தில் மலையேற்றத்தைத் தடை செய்தால், குணசேகர் பையை மாட்டிக்கொண்டு லால்பாக் பாறைவரை நடந்துவிட்டு வருகிறான்.