முதல் குழுவுக்கு வெறும் புல்

மூன்று நாளாகத் திரையில் 0.71 என்றே வந்தது. அது 0.05-க்குக் கீழே இறங்கினால்தான் என் ஆராய்ச்சிக்கு உயிர். சூலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருபது ஆட்டுக்குட்டிகளை நான்கு குழுவாகப் பிரித்து, மூன்று குழுவுக்குப் புல்லோடு மூன்று வகைப் புண்ணாக்கும், முதல் குழுவுக்கு வெறும் புல்லும் தொண்ணூறு நாள் போட்டோம். நான்கு குழுக்களின் சராசரி எடையை ஒப்பிட நானே புரோகிராம் எழுதினேன். 0.71 என்றால் குழுக்களுக்குள் பெரிதாக வித்தியாசமே இல்லை என்று அர்த்தம். தீசிஸ் கொடுக்கப் பத்து நாள்தான் பாக்கி.

புரோகிராமில்தான் தப்பு என்று வரிவரியாகக் குடைந்தேன். 1, 2, 3, 4 என்ற குழு எண்களை அது கூட்டிக் கழிக்கும் எண்ணாக எடுத்துக்கொண்டதோ என்று பெயராக மாற்றிப் பார்த்தேன். மறுபடி 0.71. சாப்பிடக் கூப்பிட்ட கணவர் மனோஜ்குமார்மேல் எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன்.

கடைசியில் எடைகளையே ஒவ்வொன்றாகப் படித்தேன். புல் மட்டும் தின்ற ஐந்தும் மற்றவற்றுக்குச் சமமாகக் கொழுத்திருந்தன! நான் காலேஜுக்குப் போனபின் தீவனம் வைப்பது மாமியார் சாந்தாமணி. நேரே அடுப்படிக்குப் போனேன்.

"ஏனுங்கத்தை, மொதப் பட்டிக்கு என்ன போட்டீங்க?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "புல்லுத்தான் அம்மணி."

"அத்தை!"

"கொஞ்சம் புண்ணாக்கும் வெச்சுப்போட்டேன். பக்கத்துல மத்ததெல்லாம் திங்குது, இதுங்க அஞ்சும் கம்பியில மூஞ்சிய வெச்சுட்டு என்னையே பாக்குதுங்க. எப்படிக் கண்ணு மனசு வரும்?"

"எத்தனை நாளா?"

"மொத நாள்ல இருந்தே."

"என் மூணு வருசப் படிப்பே போச்சு!" என்று கத்திவிட்டேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் அல்ல காரணம் என்று எனக்குத் தெரியும்.

"கணக்குல அந்த அஞ்சு குட்டிக்கும் எடைய மூணு மூணு கிலோ கொறச்சுப் போடு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர். போட்டேன். 0.003! மூன்று வருடமாக நான் கும்பிட்டுக் காத்திருந்த எண். ஆனால் அந்தக் குட்டிகள் ஒருநாள்கூட ஏங்கிப் படுக்கவில்லை. அப்படிப் படுத்ததாக எழுத எனக்குக் கை வரவில்லை. அழித்துவிட்டு, என் வழிகாட்டி மெர்சி மேடத்துக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "முதலிலிருந்து பண்ணும்மா, ஆறு மாதம் நீட்டிப்புக் கேட்கலாம்" என்றார்.

புதுக் குட்டிகள் வந்தன. இந்தத் தடவை தீவனம் நானே வைப்பதென்று காலேஜுக்கு லீவு போட்டேன். முதல் பட்டியில் புல்லைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஐந்தும் கம்பியில் மூஞ்சியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தன. காலை எடுக்க முடியவில்லை.

"நிக்காத அம்மணி, வந்துரு!" வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி கத்தினார். "நின்னீன்னா நீயும் போட்டுருவே!"