ஆல்பர்ட் கிடா கோடு தாண்டிய ஞாயிறு

கெர்ரி குளியல் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு ஆல்பர்ட் கிடாவின் பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போன பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று ஏதோ ஒரு பிள்ளை பட்டாணிக் கூழும் கையுமாக வந்து கட்டிப்பிடித்ததில் ஒட்டிய கறை. தேய்க்கத் தேய்க்கப் பச்சை பரவியதே தவிரப் போகிற வழியைக் காணோம்.

"வெந்நி ஊத்தாதே! கம்பளி, கம்பளி!" கீழே முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. குரலுக்குப் பின்னாலேயே இருமல்.

"ஊத்தலப்பா! நீ வாயை மூடிட்டுப் படு!"

"தலையை எங்க வெச்சே?"

"அடுப்படியில. அம்மா அதும்மேல துணி காயப்போட்டிருக்கா."

"கொம்புலயா? ஏய் டோரீன்! கொம்பு வளைஞ்சுடும்டீ!"

சாகக் கிடக்கிற மனுசன் பேசுகிற பேச்சா இது என்று யாராவது கேட்கலாம். வட இங்கிலாந்தின் கிரிம்ஷால் ஊரில் அவள் அப்பா வில்ஃப் ஓல்டுராய்டைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். நுரையீரல் இரண்டும் கைவிட்டுவிட்டன, இன்றோ நாளையோ என்று செவிலி காலையில்தான் சொல்லிவிட்டுப் போனாள். வில்ஃப் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: மதியம் மழை வருமா?

மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். கிரிம்ஷால் கிடாக்கள் சங்கத்தின் சொந்த மைதானத்தில், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற ரக்பி லீக்.

ஒரு காலத்தில் அந்த மைதானத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தால் முதியோர் இல்லத்துக்கு வெளியே பேருந்து நின்ற மாதிரி இருக்கும். வருடத்துக்கு நாலு பேர் செத்தார்கள், புதிதாக ஒருவரும் வரவில்லை. செயலாளர் மாரிஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, லாரி ஓட்டுகிற வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வில்ஃப்தான் ஒரு கிடா வேஷத்தை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே யார் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியக்கூடாது என்றார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இலவசச் சீட்டு கொடுத்தார். இதெல்லாம் எந்த ஊர் சங்கமும் செய்வதுதான். வில்ஃப் செய்த வேலையே வேறு.

இடைவேளையில் பிள்ளைகளை மைதானத்துக்குள் இறக்கிவிடுவார்கள். ஆல்பர்ட் கிடா பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவிலிருந்து ஓடும். கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் கிடாவுக்கு ஜெயம், அதற்குள் பிடித்து அமுக்கிவிட்டால் பிள்ளைகளுக்கு ஜெயம். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஆல்பர்ட் கோட்டைத் தாண்டியதில்லை. ஒரு கை தூரத்தில், மேலே முப்பது பிள்ளைகள் மொய்க்க, மே என்று அலறிக்கொண்டு விழும். அடுத்த ஆட்டத்துக்கு அந்த முப்பதும் ஆளுக்கு ஒரு சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு வரும். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற கொட்டகைக்கு ஆட்டுப்பட்டி என்றே பேர் வந்துவிட்டது. வீரர்கள் பந்தோடு ஓடினால் பட்டி முழுக்க மே மே என்று கத்தும். வெளியூர் அணிக்காரர்கள் அந்தச் சத்தத்துக்கே பாதி தோற்பார்கள். அப்பா படுத்துவிட்டதால் இன்று முதல்முறையாக வேஷத்துக்குள் போகப்போகிறவள் கெர்ரி.

கெர்ரி ஈரக் கிடாவைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் அதை விரித்து, தலை காயவைக்கிற மெஷினை எடுத்து ஓட்டினாள்.

"இன்னிக்கு மேட்டுத்தெருப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வருது. மொதத் தடவை" என்றார் வில்ஃப்.

"தெரியும். நூறு தடவை சொல்லிட்டே."

"கோட்டைத் தாண்டிடாதே."

"தாண்டல."

"நீ விளையாடினவ. உன் காலு சொன்ன பேச்சு கேக்காது." சங்கத்துப் பெண்கள் அணியில் கெர்ரி மைதான ஓரமாகப் பந்தோடு பாய்ந்து ஓடியவள், முழங்கால் போகிறவரை. "ஜெயிச்சுத் தொலைச்சேன்னு வெச்சுக்க, அதுங்க அழுதுட்டே வீட்டுக்குப் போகும். அப்புறம் எவன் வருவான்? சத்தியம் பண்ணு."

"சத்தியம்ப்பா. போதுமா?"

"வயித்துப் பக்கம் இன்னும் ஈரம்" என்றார் வில்ஃப்.

அவள் வயிற்றுப் பக்கம் காட்டினாள். மெஷின் கொய்யென்று இரைந்தது. கம்பளி பூத்துக்கொண்டு எழும்பியது. அப்பா இன்னும் ஒரு குறையும் சொல்லவில்லையே என்று அவளுக்குத் தோன்றி, மெஷினை நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது அறையில் வேறு சத்தம் இல்லை. மூச்சு இழுக்கிற அந்தச் சத்தமும் இல்லை.

டோரீன் தேநீரோடு உள்ளே வந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்து புருஷனின் நெற்றியைத் தொட்டாள்.

"போயிட்டாரா?"

"இப்பத்தாம்மா பேசினாரு. வயித்துப் பக்கம் ஈரம்னு..."

"அதானே. குத்தம் சொல்லாம போற ஆளா அவரு?" டோரீன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கெர்ரி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். நன்றாக, சத்தமாக அழுதாள். அப்பா மீது அவளுக்கு அவ்வளவு ஆசை.

டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அடக்கம் செய்கிறவர்கள் நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். கெர்ரி போனை வைத்துவிட்டு, நாற்காலியில் கைகால் பரப்பிக் கிடந்த ஆல்பர்ட்டைப் பார்த்தாள்.

"மாரிஸ்கிட்ட சொல்லிடறேன், இன்னிக்குக் கிடா வராதுன்னு."

"ஏன்?"

"என்னம்மா ஏன்? அப்பாவை விட்டுட்டு எப்படிப் போறது?"

"உங்கப்பா இனிமே எங்கயும் ஓடிட மாட்டாரு. நான் இருக்கேன், பேசிட்டிருப்போம். இனிமேயாவது நான் பேசறதக் கேக்கட்டும்." டோரீன் அடுப்படிக்குப் போய்க் கொம்பிலிருந்து துணிகளை உருவி, தலையை எடுத்துவந்து மகளின் கையில் திணித்தாள். "புதுப் பிள்ளைங்க கிடாவைப் பாக்க வருதுங்க. வராத கிடாவைப் பாக்க ரெண்டாவது வாட்டி வருமா? கெளம்பு."

மைதானத்தில் மாரிஸுக்கு மட்டும் சொன்னாள். பெரிய மீசை வைத்த அந்த மனிதர் துணி மாற்றுகிற அறையின் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, அவள் முதுகில் ஜிப்பை ஏற்றினார். வில்ஃபின் உயரத்துக்குத் தைத்த வேஷம். முழங்காலில் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. உள்ளே இரண்டு துண்டுகளைச் சுருட்டி அடைத்தார்.

"என்ன ஆனாலும் தலையைக் கழட்டாதே தாயி. அழுகை வந்தா உள்ளேயே அழு, அதுக்கு இடம் இருக்கு" என்றார்.

தலைக்குள் அப்பாவின் வாசனை. புதினா மிட்டாயும் வேர்வையும். கிடாவின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க முடிந்தது. அவள் படியேறி வெளியே வந்ததும் ஆட்டுப்பட்டி வெடித்தது. மே! மே! கூரைத் தகரம் அதிர்ந்தது. மேட்டுத்தெருப் பிள்ளைகள் முதலில் வாயைப் பிளந்து பார்த்தன, அப்புறம் அவையும் கத்த ஆரம்பித்தன. இத்தனை வருஷம் அப்பா இதையா கேட்டுக்கொண்டிருந்தார் என்று கெர்ரிக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பட்டியின் முன்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தவள் சஃபியா. எட்டு வயது, முன்பல் இரண்டும் இல்லை, பட்டிக்கே அவள்தான் தலைவி. அவளும் மேட்டுத்தெருப் பள்ளிக்கூடம்தான், ஆனால் வீட்டாரோடு ரொம்ப நாளாகவே வந்துகொண்டிருப்பவள். ஆல்பர்ட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏ ஆல்பர்ட்! ஏன் இன்னிக்குக் குள்ளமா இருக்கே?"

பட்டி முழுக்கக் கிடாவைத் திரும்பிப் பார்த்தது. கிடா பேசக்கூடாது. கெர்ரி என்ன செய்வாள்? சட்டென்று குனிந்து, தொட்டியில் துணி துவைக்கிற மாதிரித் தன் வயிற்றைத் தானே தேய்த்தாள், பிழிந்தாள், உதறினாள், அப்புறம் தோளைக் குறுக்கிக்கொண்டு சின்னதாக நின்றாள்.

"துவைச்சதுல சுருங்கிப் போச்சுடோய்!" என்று சஃபியா கத்தினாள். பட்டி விழுந்து விழுந்து சிரித்தது. கெர்ரியும் உள்ளே சிரித்தாள், கன்னத்தில் கண்ணீரோடு.

இடைவேளை வந்தது. பிள்ளைகள் மதகு திறந்தாற்போலப் பாய்ந்து வந்து கோட்டுக்கு முன்னால் பரவி நின்றார்கள். மாரிஸ் பந்தைக் கொடுத்து, கொம்புக்குப் பக்கத்தில் குனிந்து, "கை தூரத்துல விழுந்துடு" என்றார். அவள் தலையாட்டினாள்.

விசில் ஒலித்தது.

நல்லபடியாகத்தான் ஆரம்பித்தாள். ஆடி ஆடி, அப்பா மாதிரியே தொப்பையைக் குலுக்கிக்கொண்டு ஓடினாள். இரண்டு பொடிசுகள் காலைக் கட்டிக்கொண்டன, இழுத்துக்கொண்டே போனாள். சனம் ஆர்ப்பரித்தது. கக்கத்தில் பந்து, காலடியில் ஈரப்புல், எதிரே கோடு. அவளுடைய மூளை எங்கே போனதோ தெரியாது, கால்கள் பழைய வேலையை எடுத்துக்கொண்டன. பொடிசுகள் உதிர்ந்தன. இடது பக்கம் போவதாகப் பாவனை காட்டி வலது பக்கம் வெட்டினாள். பத்துப் பிள்ளைகள் காற்றைக் கட்டிப்பிடித்து விழுந்தார்கள். சஃபியா ஒருத்திதான் மிச்சம். அவள் எம்பி நெஞ்சில் பாய்ந்தாள், புதுசாகத் துவைத்த கம்பளியில் வழுக்கிக்கொண்டு போனாள். கெர்ரி பறந்தாள். பந்தை இரண்டு கையாலும் கோட்டுக்கு அப்பால் அமுக்கிக்கொண்டு விழுந்தபோது, கிடாத் தலைக்குள் யாரோ 'ஹா' என்று சந்தோஷமாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள்தான்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய்!

பெரியவர்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார்கள். மாரிஸ் முகத்தை மூடிக்கொண்டார். மேட்டுத்தெருப் பொடிசு ஒன்று வீலென்று அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழுதது. சஃபியா மூக்கில் சேற்றோடு எழுந்து, இடுப்பில் கைவைத்து ஆல்பர்ட்டை முறைத்தாள். திரும்பி நடந்தாள், மற்ற பிள்ளைகள் அவள் பின்னால் போனார்கள்.

இரண்டாம் பாதியில் கிரிம்ஷால் ஜெயித்தது. ஆட்டுப்பட்டியிலிருந்து ஒரு மே வரவில்லை. பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. ஆல்பர்ட் கையாட்டியபோது ஒருவரும் பதிலுக்கு ஆட்டவில்லை.

வீட்டுக்கு வந்தபோது முன்னறைக் கட்டில் காலியாக இருந்தது. டோரீன் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தாண்டிட்டேம்மா" என்றாள் கெர்ரி.

"எதை?"

"கோட்டை. சத்தியம் பண்ணிட்டு வந்து, அன்னிக்கே... அவரு இருபது வருசமா சேத்து வெச்சதை ஒரு நிமிசத்துல கெடுத்துட்டேன். பிள்ளைங்க என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

டோரீன் மடிப்பதை நிறுத்தினாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கெர்ரி ஓடிப்போய்ப் பிடித்தாள். அவளோ போர்வையில் வாயை அமுக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பந்தைத் தரையில வெச்சியா? சுத்தமா?"

"சுத்தமா வெச்சேன்."

"ஐயோ, அந்த மனுசன் மூஞ்சியைப் பாக்கணுமே இப்ப!"

அம்மா சிரித்தாலும் கெர்ரிக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. அப்பா போனதைவிட அது பெரிய துக்கமாக இருந்தது என்றால் தப்பாக நினைக்கக்கூடாது. செத்தவரை யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. பிள்ளைகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரலாம், வராமலும் போகலாம்.

வியாழக்கிழமை அடக்கம். பிரேத வண்டிக்கு முன்னால், அந்தப் பக்கத்து வழக்கப்படி, உயரத் தொப்பியும் கைத்தடியுமாக அடக்கக்காரர் நடந்தார். பின்னாலேயே வந்த காரில் அம்மாவும் மகளும். சவப்பெட்டி மேல் பூவுக்கு நடுவே சங்கத்தின் கறுப்பு வெள்ளைக் கழுத்துத்துணி. வண்டி மேட்டுத்தெருவில் ஏறியபோது பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளை. கெர்ரி அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று மடியைப் பார்த்துக்கொண்டாள்.

"அங்க பாரு" என்றாள் டோரீன்.

விளையாட்டு முற்றத்தில் பிள்ளைகள் குளிர்ச்சட்டைகளை வரிசையாகப் போட்டுக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு குண்டுப் பையன் வெள்ளை ஸ்வெட்டரைத் தலையில் கட்டி, அதன் கைகளை இரண்டு பக்கமும் கொம்பாகத் தொங்கவிட்டுக்கொண்டு மே என்று ஓடி வந்தான். ஐந்து பேர் பாய்ந்தார்கள், தவறவிட்டார்கள். "திரும்ப! திரும்ப!" என்று கீச்சுக்குரலில் அதட்டல். சஃபியாதான். மூக்கில் பிளாஸ்திரி. "ஞாயித்துக்கிழமை இப்படி விட்டீங்கன்னா உங்களைத் தொலைச்சுடுவேன்! இடப்பக்கம் காட்டிட்டு வலப்பக்கம் போவும், ஞாபகம் வெச்சுக்கங்க!"

அவன் மறுபடி ஓடினான். அப்போதுதான் யாரோ பிரேத வண்டியைப் பார்த்தார்கள். முற்றம் முழுக்க அப்படியப்படியே நின்றது. தொப்பி போட்டவர்கள் எடுத்தார்கள். உள்ளே இருப்பவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. யாராக இருந்தாலும் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நின்றார்கள். சஃபியாவும் பிளாஸ்திரி மூக்கோடு தலை குனிந்து நின்றாள்.

வண்டி தாண்டியது. மறுநொடியே குண்டுப் பையன் மே என்று பாய, சஃபியா எம்பி அவன் நெஞ்சில் விழுந்து, வழுக்கிக் கீழே போனாள்.

டோரீன் கார்க் கண்ணாடியை இறக்கினாள். ஐம்பது வருஷக் குடித்தனத்தில் ரக்பியைப் பற்றி அவள் வாய் திறந்து நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. கறுப்புத் தொப்பி காற்றில் போய்விடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"ஏடி பொண்ணே! நெஞ்சுல ஏன் போற? கீழ போ! காலைப் புடி, ரெண்டு காலையும் சேத்துப் புடி!"

முன்னால் போன அடக்கக்காரர் நடை மாறாமல் நடந்தார்.

சஃபியா தரையில் கிடந்தபடியே பார்த்தாள். தலையை ஆட்டினாள். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, குண்டுப் பையனைத் திரும்பவும் ஓடி வரச் சொன்னாள். இந்தத் தடவை தாழக் குனிந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்தாள். பையன் மரம் மாதிரி சாய்ந்தான். மற்றவர்கள் எல்லாரும் மேலே போய் விழுந்தார்கள், குவியலுக்குள்ளிருந்து மே மே என்று சத்தம்.

கார் திருப்பத்தில் மெதுவாக வளைந்தது. குளிர் காற்று உள்ளே வீசிக்கொண்டிருந்தது. கெர்ரி கண்ணாடியை ஏற்றச் சொல்லவில்லை, டோரீனும் ஏற்றவில்லை.